சரோஜாவுக்கு நான் தைத்த கூடாரம்

சரோஜா, முருகேசா, தேவகி, மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் கொல்லைப்புறத்தில் துணிக்கொடிக்குக் கீழே நின்று நீங்கள் போட்ட சண்டை எனக்கு நன்றாகவே கேட்டது. சரோஜா தன் குழந்தைக்கு டவுனிலிருந்து வாங்கி வந்திருக்கும் பிளாஸ்டிக் ஜட்டிதான் உசத்தி என்றாள். தேவகி, நாலாய் மடித்த வெள்ளைத் துணிக்கு ஈடில்லை என்றாள். இன்னும் கல்யாணமே ஆகாத முருகேசனுக்கும் இதில் ஒரு அபிப்பிராயம் இருந்தது. கடைசியில் "நைனாவைக் கேப்போம்" என்று என்னிடம் வந்தீர்கள். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பதில் தெரியாமல் போகவில்லை. நீங்கள் வருவதற்கு முன்பு யாரும் பார்க்காதபோது அந்த ஜட்டியை மோந்து பார்த்துவிட்டேன். வெயிலில் சூடேறிய பிளாஸ்டிக்கும் சோப்பும் கலந்த வாசனை. அது என்னை நேரே சண்டைக் காலத்துக்கு, மெழுகு பூசிய கித்தான் துணியின் வாசனைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. அங்கிருந்து திரும்பி வந்து உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம். ஆவடியில் பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கிற ஒரு கொட்டகையில் எனக்கு வேலை. தைப்பது என்றால் சட்டை தைப்பது போல இல்லை. துணி கட்டைபோல இருக்கும். ஊசி சுண்டுவிரல் தடிமன் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் குத்தினால் அப்படித்தான் தெரியும். தைத்து முடித்த கூடாரத்தின் மேல் மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார். உள்ளே ஒரு சொட்டு விழுந்தால் அவ்வளவையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். நான் தைத்ததில் சொட்டு விழுந்ததில்லை. இந்தப் பெருமைதான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணம்.

குடியிருந்தது கோவில்பதாகையில். சரோஜா, நீ பிறந்தது உன் அம்மா பிறந்த ஊரான நெமிலிச்சேரியில். ஐந்தாம் மாதம் பிள்ளையையும் தாயையும் அனுப்ப வேண்டும். உன் மாமன் ஏழுமலைக்கு மனசில்லை. எங்கள் வீட்டில் பெரிய பொம்பளை யாரும் கிடையாது. என்னைப் பெற்றவள் எப்போதோ போய்விட்டாள். பச்சைப்பிள்ளையை வளர்க்க இவர்கள் இரண்டு பேருக்கும் என்ன தெரியும் என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். கடைசியில் ஐப்பசி பிறந்ததும் அவரே வண்டி கட்டி உங்களைக் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே என்னிடம் சொன்னார்:

"இத பாரு மாப்ள. தீபத்துக்கு வருவேன். புள்ள மேல ஒரு கொற தெரிஞ்சாலும் ரெண்டு பேரையும் வண்டில ஏத்திக்கினு போய்க்கினே இருப்பேன். அப்பால பேச்சு கெடயாது."

ஏழுமலை சொன்னால் செய்கிற ஆள். ஐந்து மாதம் தனியாகப் பொங்கித் தின்றவனுக்கு மறுபடி தனியாக இருக்க முடியாது.

உன் அம்மா கொண்டுவந்த மூட்டையில் ஏழு துண்டு பழைய புடவைத் துணி இருந்தது. ஏழே ஏழு. அவளுக்குத் தெரிந்தது கோமணக் கட்டுதான். அரைஞாண் கயிற்றில் முன்னால் ஒரு செருகல், பின்னால் ஒரு செருகல். கட்ட ஒரு நிமிஷம், அவிழ்க்க அதுகூட வேண்டாம், நீ காலை இரண்டு தரம் உதைத்தால் தானே அவிழ்ந்துவிடும். நல்ல கட்டு, காற்றோட்டமான கட்டு. ஒரே ஒரு குறை. எதையும் நிறுத்தாது. வலது பக்கம் ஒரு ஓடை, இடது பக்கம் ஒரு ஓடை. எங்களுக்கு இருந்தது ஒரு பாய், நடுவில் நீ.

வெயில் நாளாக இருந்தால் ஏழு துண்டு போதும். ஐப்பசி மழை விடவே இல்லை. கவிழ்த்த கூடைக்குள் கரிச்சட்டியை வைத்து, மேலே துணிகளைப் பரப்பி உலர்த்துவாள் உன் அம்மா. துணியெல்லாம் புகை வாசனை. உன்னைத் தூக்கினால் அடுப்பங்கரையில் படுத்து எழுந்த பூனையைத் தூக்கினது போல இருக்கும். புதுத் துணி வாங்கலாமே என்பீர்கள். அப்போது துணிக்கும் ரேஷன் கார்டு. கார்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றால் ஊருக்கெல்லாம் ஒரே துணியைக் கிழித்துக் கொடுப்பார்கள். அந்த வருஷம் கோவில்பதாகையில் பாதிப் பேர் நீலக்கோடு போட்ட சட்டைதான். எதிரே வருகிறவன் யார் என்று கிட்டே வந்தால்தான் தெரியும். கடன்காரன் என்று நினைத்து ஒளிந்தால் அது பங்காளியாக இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கொட்டகையில் வெட்டியெறிகிற ஓரத் துண்டுகளை எடுத்துக்கொள்ள மேஸ்திரி விட்டிருந்தார். வெளியே மெழுகுக் கித்தான், உள்ளே கூடாரத்துக்கு உட்பக்கம் வைக்கிற மஞ்சள் துணி. சுற்றிலும் இரட்டைத் தையல். கூடாரத்துக்கு நாலு மூலையிலும் கயிறு இருக்கிறதல்லவா, அதே மாதிரி நாலு கயிறு. கயிறு கோக்கிற ஓட்டைக்குப் பித்தளை வளையமும் அடித்தேன். சரோஜா, நீ இப்போது சிரிக்கலாம். அப்போது நான் சிரிக்கவில்லை.

முதல் ராத்திரி கட்டினோம். விடிந்து பார்த்தால் பாய் காய்ந்து கிடந்தது. நம்பாமல் மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்தேன். ஜப்பான்காரனை நானே தோற்கடித்தது மாதிரி அன்றைக்கு வேலைக்கு நடந்து போனேன். உடனே இன்னும் இரண்டு தைத்தேன். பக்கத்து மிஷினில் தைக்கிற காசிமிடம் நாள் முழுக்க இதே பேச்சு. காசிம் பூந்தமல்லிக்காரன், என்னைவிட இரண்டு வயசு சின்னவன், அவனுக்கும் ஒரு கைக்குழந்தை. "எங்க ஊட்டுக்கும் ஒண்ணு குடு அண்ணாத்தே" என்றான். அவனுக்கென்று தனியாக ஒன்று தைக்க ஆரம்பித்தேன்.

பதினைந்து நாளில் உனக்குத் தொடை இடுக்கெல்லாம் சிவந்தது. அப்புறம் தோல் உரிந்தது. தேங்காயெண்ணெய் தடவினோம். மஞ்சள் பூசினோம். நீ அழுத அழுகை இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. உன் அம்மா "சூடு" என்றாள். நானும் சூடுதான் என்றேன். சூட்டுக்கு என்ன கொடுப்பது என்று தெரு முழுக்க விசாரித்தேனே தவிர, கட்டியிருந்ததை ஒரு தரம் அவிழ்த்து யோசிக்கவில்லை. பாய் காய்ந்திருந்ததே, அதனால்.

தீபத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, காசிம் வீட்டுக்குப் போனோம். பூந்தமல்லி ரோட்டில் பாதி தூரம் நடை, பாதி தூரம் ஜட்கா. காசிம் பெண்டாட்டி மைமூன் உன் அம்மா வயசுதான் இருப்பாள். வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும். அவள் பிள்ளையையும் உன்னையும் ஒரே பாயில் போட்டார்கள். அவன் இடுப்பில் இருந்தது பழைய லுங்கியை ஐந்தாறு மடிப்பாக அடுக்கி ஓட்டுத் தையல் போட்ட பட்டை. இரண்டு பக்கமும் நாடா. லங்கோடு என்றாள். தொட்டால் பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்று இருந்தது. எல்லாவற்றையும் உறிஞ்சும், ஆனால் காய இரண்டு நாள் ஆகும் என்று அதன் குறையையும் அவளே சொன்னாள். வெளியே போகும்போது முக்கோணமாக மடித்து ஊக்கு குத்துவாளாம். காசிமின் அக்காள் ஒரு துரை வீட்டில் ஆயா, அங்கே கற்றுக்கொண்டது. பார்க்க அழகு, ஆனால் ஊக்கு எப்போது வாயைத் திறக்குமோ என்று பிள்ளையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

நான் பெருமையோடு என் பரிசை எடுத்து நீட்டினேன். மைமூன் வாங்கி, திருப்பிப் பார்த்தாள். வளையத்தைச் சுண்டிப் பார்த்தாள்.

"இது இன்னாண்ணே, புள்ளைக்குத் தச்சீங்களா, பீரங்கிக்குத் தச்சீங்களா?"

காசிம் அவளை அதட்டினான். நான் விடுவதாக இல்லை. ஒரு சொட்டு வெளியே வராது, பாய் நனையவே நனையாது என்று மேஸ்திரி மாதிரி விளக்கினேன். அவள் உன்னைத் தூக்கி அவிழ்த்தாள். தோல் உரிந்த இடத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெளிய வரலன்னா அது எங்க போச்சுன்னு நெனச்சீங்க அண்ணே?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

கூடாரம் தண்ணீரை வெளியே நிறுத்துவதற்கு. நான் அதைத் திருப்பிப் போட்டுத் தண்ணீரை உள்ளே நிறுத்தியிருந்தேன், அதற்குள் உன்னையும் வைத்து. ஜட்காவில் திரும்பும்போது அந்தக் கித்தானை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். பாதி வழியில் உன் அம்மா சொன்னாள். ஒரு வாரமாகவே அவளுக்குச் சந்தேகமாம். காலையில் நான் தெருமுனை திரும்பினதும் அவிழ்த்துவிடுவாளாம். சாயங்காலம் கொட்டகைச் சங்கு ஊதினதும் திரும்பக் கட்டிவிடுவாளாம்.

"ஏன் சொல்லல?"

"ஆசையா தச்சிக்கினு வந்தீங்க. வளையமெல்லாம் வச்சி. எப்டி சொல்றது?"

அன்றிலிருந்து நீ அம்மணம்தான். கீழே பழைய துணி, நனைந்தால் உடனே மாற்றுவது, ராத்திரி இரண்டு பேரும் முறை வைத்து விழிப்பது. என் பழைய வேட்டி இரண்டும் துண்டுகளாயின. புண் ஆறத் தொடங்கியது. ஆனால் பிள்ளையின் தோலுக்குத் தீபம் எப்போது என்று தெரியாதே. ஏழுமலை ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

வண்டியில் வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம் விரித்திருந்தார். அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. உன்னை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னாடி இது?" என்று தங்கையைக் கேட்டார்.

"சூடுண்ணா. மழ நாள்ல வர்றதுதான்."

"மழ நாள்ல சூடா? மூட்டையக் கட்டு."

உன் அம்மா நகரவில்லை. என்னைத்தான் பார்த்தாள். இன்னும் இரண்டு பொய் சொன்னால் அவள் தாங்கிப் பிடிப்பாள் என்று தெரிந்தது. எனக்காக அவள் சொல்லுகிற பொய்யைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே போய் அந்தக் கித்தானை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"சூடு இல்ல மச்சான். இத நான்தான் தச்சிக் கட்டனேன். அவ மேல தப்பு இல்ல. இப்ப ஒரு வாரமா கட்டறதில்ல, ஆறிக்கினு வருது."

அவர் அதை எடுத்துப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வளையத்துக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். அப்புறம், குடிக்கக் கொடுத்திருந்த சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றினார். நாலு கயிற்றையும் பிடித்துத் தூக்கினார். தண்ணீர் குளம் மாதிரி நின்றது. ஒரு சொட்டு கீழே விழவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மாட்டுக்குக் கழுத்துல புண்ணு வந்தா நொகத்தடியத்தான் மாத்துவோம்" என்றார் ஏழுமலை. "மாட்ட அவுத்துக்கினு போயிட மாட்டோம்." தண்ணீரை வாசலில் கொட்டினார். "தீபத்துக்கு எந் தங்கச்சி கன்னிம்மா இங்கியே வௌக்கு ஏத்தட்டும்."

உன் அம்மா உள்ளே போய் அடுப்பை ஊதினாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை. கஞ்சி குடித்துவிட்டு அவர் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது ஜமக்காளத்தை மட்டும் உனக்கென்று விட்டுவிட்டுப் போனார்.

அந்த மாதிரி மாமன்மார் இப்போது யார் வீட்டுக்கு வருகிறார்கள்? வந்தாலும் பிள்ளையை அவிழ்த்துப் பார்க்கிற உரிமையை யார் எடுத்துக்கொள்கிறார்கள்? ஏழுமலை இல்லை. காசிம் இல்லை. மைமூன் பிள்ளையோடு எந்த ஊருக்குப் போனாள் என்று தெரியவில்லை. சண்டை முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக் கம்பத்தைக்கூட ஏலம் போட்டுவிட்டார்கள். துணிக்கார்டு போயிற்று, நல்லதாயிற்று. ஊரே ஒரே சட்டை போட்டுக்கொண்டு திரிந்த வேடிக்கையும் அதோடு போயிற்று. புகை வாசனை அடிக்கிற குழந்தையை நான் தூக்கி எத்தனையோ வருஷமாகிறது. சரோஜா, நீ உன் ஜட்டியையே கட்டு. நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். மைமூன் கேட்ட கேள்வியை மட்டும் ஒரு தரம் கேட்டுக்கொள்.

இன்னொன்று இருக்கிறது, உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. மறுநாள் தீபம். காலையில் வேலைக்குப் போகும்போது அந்தக் கித்தானை மடித்து எடுத்துப்போனேன். ஏரிக் கால்வாயில் இறங்கி, அதை நன்றாக நனைத்து, சட்டைக்குள்ளே என் இடது கையில் தோளுக்குக் கீழே சுற்றி, பல்லால் கடித்துக் கயிறு கட்டினேன். அப்படியே மிஷினில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் அரித்தது. பிறகு எரிந்தது. மத்தியானச் சங்கு ஊதும் வரைக்கும் அவிழ்க்கவில்லை. எல்லோரும் சோற்று மூட்டையை அவிழ்க்கப் போன பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் அதைக் கழற்றினேன். வெந்த மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்த கையைக் காற்றில் நீட்டிக்கொண்டு, காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.