நின்றே வாசித்த ஸ்டெல்லா அக்கா

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்குப் போக, சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் டிரம்மர் கார்த்தி அழைத்தான். பென்னலூர் வீட்டில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது ஸ்டெல்லா அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றான். நம்பாமல் அக்காவின் எண்ணுக்கே அடித்தேன். எடுக்கவில்லை. அவர் என்றைக்குத்தான் எடுத்தார்? வழக்கம்போல எரிச்சல்தான் வந்தது. அழுகை வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

எங்கள் மெல்லிசைக் குழுவைக் கேட்ட உங்களுக்கு அவரைத் தெரியும். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசர்; மேடையில் கீட்டார். கித்தார் போலத் தோளில் மாட்டிக்கொள்ளும் கீபோர்டு அது. அவர் வைத்திருந்ததற்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினார் என்ற தகவல் மட்டும் ஒயர் வழியாக என் லேப்டாப்புக்கு வரும். வயலினோ புல்லாங்குழலோ, சத்தம் அங்கிருந்துதான் எழும். இந்த வம்பே வேண்டாம், உட்கார்ந்து சாதாரண கீபோர்டு வாசியுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

"ஷிப்ட் ஃபுல்லா லைன்ல வேலை செய்ற பொண்ணுங்க மொகத்த பாத்துக்கினு நிக்கிறேன். மேடைல மட்டும் மூலைல குந்திக்கினு உன் முதுக பாக்கணுமா?" என்பார்.

ஒரகடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. வாசித்துக்கொண்டே மணப்பெண்ணை நோக்கி நடந்தார். ஒயரின் நீளம் முடிந்ததும் என் லேப்டாப் மேசையை விட்டுக் கிளம்பியது. குப்புற விழுந்து பிடித்தேன். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிறகு ஒயர் இல்லாத கருவி வாங்கினோம். அது இன்னும் மோசம். மண்டபத்துக்கு வெளியே ஐஸ்கிரீம் கடைவரை போய்விடுவார். இங்கே பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். கேட்டால், ஆசையாகக் கூப்பிட்டார்கள், எப்படிப் போகாமல் இருப்பது என்பார்.

வல்லக்கோட்டைத் திருவிழாவை மறக்க முடியாது. முன்வரிசையில் கம்பெனியில் அவருடைய லைனில் வேலை செய்யும் ஹாஸ்டல் பெண்கள். பல்லவி முடிந்து அவருடைய வாசிப்பு தொடங்கிய நேரத்தில் லேப்டாப் உறைந்துபோனது. நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். பார்த்தார். பார்த்துவிட்டு, மேடை விளிம்புக்குப் போய், சத்தமே வராத கட்டைகளில் தொடர்ந்து வாசித்தார். கார்த்தி தாளத்தை விடவில்லை. அந்தப் பெண்கள் அவர் விரலைப் பார்த்து, அந்த இசையை வாயாலேயே பாடினார்கள். விரல் ஏறினால் குரலும் ஏறியது. லேப்டாப் உயிர்பெற்றபோது பாடகர் சரணத்தில் இருந்தார். என்னை யாரும் தேடவில்லை.

கச்சேரி முடிந்து சண்டை போட்டேன். கூட்டம் ஊளையிட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன்.

"நிறுத்துனாதான்பா ரிப்பேருன்னு தெரியும். டெய்லி லைன்ல அத்த முணுமுணுத்துக்கினுதான கீதுங்க. அதுங்களுக்கு வராதா?"

அடக்கத்துக்கு அந்தப் பெண்கள் ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். "அண்ணே, அன்னைக்கு நாங்க பாடணும்னு வேணும்னே லேப்டாப்ப நிறுத்துனது நீங்கதானாம்லா? அக்கா சொன்னாவ. ரொம்ப நன்றிண்ணே."

பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இப்படி ஒரு பொய்யை ஊரெல்லாம் பரப்பியிருக்கிறார். மறுக்கவும் முடியாமல் தலையாட்டி வைத்தேன்.

கீட்டார் அவர் மகளிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது லேப்டாப்பில் அவருக்கென்று செய்துவைத்த ஒரு செட்டிங். எப்போதோ கம்பெனியில் நசுங்கிய விரல்கள் அக்காவுக்கு. அழுத்தி வாசிக்க வராது. லேசாகத் தொட்டாலே முழுச் சத்தம் வரும்படி வைத்திருந்தேன். இப்போது வேறு யார் தங்கள் கீபோர்டை இணைத்து வாசித்தாலும் அலறுகிறது. மாற்றித் தொலை என்கிறான் கார்த்தி. மாற்ற மாட்டேன். வருகிறவர் மெதுவாகத் தொடப் பழகட்டும்.