தள்ளி நின்றவன்

பருத்தித்துறையில் உதயகலாவைத் தெரியாத கலியாண வீடு இல்லை. படம் பிடிக்கிற ஸ்ரூடியோக்காரி. கூறைச்சேலையின் சிவப்பு, மாலையின் மஞ்சள் என்று ஊரார் கேட்கிற நிறத்தையெல்லாம் எடுத்துக் கொடுப்பாள். தனக்கென்று எடுப்பதோ கறுப்பு வெள்ளை. விடியற்காலையில் தொண்டைமானாற்று நீரேரிச் சேற்றில் குந்தியிருந்து, எழும் வெளிச்சத்துக்கு எதிரே நாரைகளை நிழலுருவாகப் பிடிப்பாள். கண் தெரியாது, இறகு தெரியாது. வளைந்த கழுத்தும் நீண்ட காலும் மட்டுந்தான். ஆசை யாரை விட்டது!

கணவன் மயூரதனும் வீச்சுவலையோடு கூட வருவான். முழங்கால் தண்ணீரில் அவன் நிற்க, நாரைகள் அவனையே சுற்றும். இவளுக்கு அது பெருந்தலையிடி. நிழலுருப் படத்தில் எல்லாமே கறுப்பு. நாரையின் அலகும் மனிதனின் காலும் ஒட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு கறுப்புக் கட்டிதான்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

"என்னையும் ஒருக்கா எடனப்பா. உனக்கு வேலையும் மிச்சம், நான் ஏற்கெனவே கறுப்புத்தானே!"

"பிறகு எடுக்கிறன். இப்ப தள்ளுங்கோ."

அந்த மனிசன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சிரித்துக்கொண்டே தள்ளிப்போவான். வருடக்கணக்காகத் தள்ளிப்போனான். இந்தப் 'பிறகு' என்ற பாழாய்ப்போன சொல்லை நம்பிக் கெடாதவர் யார்? போன மார்கழியில் ஒரு பின்னேரம் நெஞ்சு நோகுது என்றான். ஓட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முந்தின கிழமை, மயூரதனின் தங்கை குணலட்சுமி வந்தாள்.

"மச்சாள், நினைவு மலருக்கு அண்ணை வலையோடை நிக்கிற படம் ஒண்டு தாங்கோ. கலியாணப் படத்திலை கோட்டுப் போட்டுக்கொண்டு ஆரோ மாதிரி நிக்கிறார். உங்களோடை எத்தினை விடியப்புறம் வந்தவர்!"

"ஓம், இருக்கும். தேடித் தாறன்" என்றாள் உதயகலா.

தேடினாள். கணினி நிறைய நாரைகள், ஒன்றோடொன்று முட்டாமல், எல்லாம் நல்ல படங்கள். அவன் எங்கும் இல்லை. ஒரேயொரு படத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு முழங்கை இருந்தது. வெட்ட மறந்த முழங்கை. அதைக் கண்டதும் வாய்விட்டு அழுதாள். செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

வீட்டில் இருக்கப் பொறுக்காமல், அடுத்தநாள் விடியக் கமராவைத் தூக்கிக்கொண்டு தனியே போனாள். அதே வெளிச்சம், அதே சேறு. நாரைகள் அக்கரையில் நின்றன. வெயில் ஏறியும் ஒன்றுகூட இந்தப் பக்கம் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவன் வலையை உதறும்போது விழுகிற பொடிமீனுக்காகத்தான் அவை இத்தனை காலமும் கிட்ட வந்திருக்கின்றன. தன் பொறுமைக்குக் கிடைத்த கூலி என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கமராவைக் கண்ணில் வைத்தாள். முட்டுவதற்கு எதுவுமில்லாமல் தண்ணீர் வெறுமையாய்க் கிடந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள், "கொஞ்சம் கிட்ட வாங்கோ."