பிடிபடும் முன் விட்ட பந்து

என் மருமகளுக்கு என்மேல் ஒரே ஒரு குறைதான். காலையில் காப்பி குடித்து முடித்ததும் டம்ளரை அவளிடம் நீட்டுவேன். அவள் பிடித்த பிறகும் விடமாட்டேன். "உடுங்க மாமா, புடிச்சுட்டனுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் என் விரல்கள் பிரியும். சாவியானாலும் செய்தித்தாளானாலும் இப்படித்தான். வயதான பிறகு வந்த பிடிவாதம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். இது எனக்கு இருபத்தைந்து வயதிலேயே வந்துவிட்டது. வந்த காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோயமுத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தேன். சென்னையில் ஓராண்டு படித்துவிட்டு, கூடைப்பந்து விதிப் புத்தகம் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன். அப்போது அந்த ஆட்டம் எங்கள் பக்கம் புதிது. மில்கள் ஒன்றையொன்று பார்த்து அணி சேர்த்துக்கொண்டிருந்தன. செம்மண்ணைத் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்தி, சுண்ணாம்பில் கோடு இழுத்து, மரக்கம்பத்தில் வளையம் மாட்டினால் மைதானம் தயார். எங்கே ஆட்டம் நடந்தாலும் விசில் ஊத என்னைத்தான் அழைப்பார்கள். புத்தகம் படித்தவன் நான் ஒருவனே. ஆகவே நான் சொன்னதுதான் விதி.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லின் அணிக்கு ஒரு கேப்டன் இருந்தார். கொடுமுடிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை 'சார்' என்றுதான் அழைப்பார். நெடிய உடம்பு. வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு களத்தில் இறங்கும்போது கொஞ்சம் வெட்கப்படுவார். பந்து கைக்கு வந்ததும் அந்த வெட்கம் போய்விடும். ஒரு மழைக்காலத்தில் பஞ்சு வாரும் இயந்திரத்தில் அவருடைய வலது கை சிக்கியது. கட்டு அவிழ்த்தபோது இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இனி இந்தக் கை வேலைக்கு ஆகாது, ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார் மேஸ்திரி. மானேஜர் ஆட்டப்பித்து உள்ளவர். "ஞாயித்துக்கெழம ஆடட்டும். கை ஒதவுமா ஒதவாதான்னு அங்கயே பாத்துக்கலாம்" என்றாராம். இந்தப் பேச்சு மைதானம் முழுக்கப் பரவியிருந்தது. எனக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நன்றாகவே ஆடினார். மூன்று முறை கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிய வேண்டி வந்தது. மூன்று முறையும் நான் அவர் கைகளில் பந்தை வைத்தேன், அவர் சுத்தமாக எறிந்தார். நான்தான் தடுமாறிக்கொண்டிருந்தேன். முதல் பாதியில் ஒரு தவறான தீர்ப்பைச் சொல்லி, மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. "ஏனுங்க, அம்பயருக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்க, கண்ணு இருட்டுதாட்ட இருக்குது!" என்று மைதான ஓரத்தில் அவிழ்த்துவிட்ட மாட்டுவண்டிமேல் நின்ற ஒருவர் கத்த, கூட்டம் முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு என் காதிலிருந்து போகவே இல்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், நான்காவது முறையாகப் பந்து வெளியே போனது. கேப்டன் கோட்டுக்கு வெளியே நின்று இரு கைகளையும் நீட்டினார். நான் பந்தை நீட்டினேன். அதே நொடியில் வண்டிப்பக்கம் இன்னொரு சிரிப்பு. என்னைத்தான் சொல்கிறார்கள் என்று முகத்தைத் திருப்பினேன். அவர் விரல்கள் பந்தின்மேல் படியும் முன்பே என் கை பந்தை விட்டுவிட்டது. வார் வைத்துத் தைத்த அந்தக் கனத்த தோல் பந்து அவர் விரல் நுனியில் தட்டி உள்ளே உருண்டது. அவர் பதறி ஓரடி உள்ளே வைத்து அதை எடுத்தார்.

விதி தெளிவானது. நடுவர் கொடுக்கும் பந்து ஆட்டக்காரர் கையில் பிடிபடும் முன் தவறினால் அது எறிந்ததாகாது. விசில் ஊதி நிறுத்தி மறுபடியும் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். ஆனால் மறுபடி கொடுத்தால் தவறு என்னுடையது என்று ஊருக்கே தெரிந்துவிடும். வண்டிமேல் இருப்பவர் திரும்பவும் சோடா கேட்பார். விசில் ஊதினேன். வேறு யாரும் தொடும் முன் எறிந்தவரே மறுபடி தொட்டார், அது தவறு என்று சொல்லிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்தேன். அவர்கள் கூடை போட்டு வென்றார்கள். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கேட்க அங்கே யாருக்கும் விதி தெரியாது.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆட்டம் முடிந்ததும் மானேஜர் என்னருகே வந்தார். "ஏனுங்க சார், பக்கத்துல நின்னு பாத்தவரு நீங்கதான். அவன் கை எப்படீங்க?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. "பிடி கொஞ்சம் தளர்வுதானுங்க" என்றேன். கொஞ்ச தூரத்தில் கேப்டன் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த வாரம் அவர் மில்லில் இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கொடுமுடி போனேன். விசாரித்து அவர் பயிர் செய்யும் காட்டுக்கு நடந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கிணற்றடியில் நின்றவரை "கேப்டன்" என்று கூப்பிட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்தப் பேரு இந்த ஊருல ஆருக்குமே தெரியாதுங்க சார். வாங்க, வெய்யல்ல வந்திருக்கறீங்க." வீட்டுக்குள் போய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்தார். இடது கையால் நீட்டினார், வலது கையை முழங்கையோடு ஒட்டி வைத்துக்கொண்டு.

"தப்பா நெனைக்காதீங்க சார், எடது கையில குடுக்கறனேன்னு. அன்னிக்கு உங்க பந்தயே போட்டுட்டனுங்களே. சாரே பிடி தளர்வுன்னு சொன்னாருன்னு மானேஜர் சொன்னாருங்க. நீங்க பக்கத்துல இருந்தவரு, படிச்சவரு. அதுக்கப்பறம் என்ற கைய நானே நம்பறதில்லீங்க. கொழந்தயத் தூக்கறதுன்னாலும் எடதுதானுங்க."

மரத்தில் கட்டிய தொட்டிலுக்கு அருகே ஒரு பெண் குழந்தை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மோரை வாங்கிக் குடித்தேன். அருமையாக இருக்கிறது என்றேன். எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்று கேட்டேன். பிறகு கிளம்பிவிட்டேன். வரப்பு முடியும் வரை வந்து வழியனுப்பினார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இறந்துவிட்டார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. விசிலைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்தேன். விதிப் புத்தகத்தைக் கரையான் தின்றது. இந்தப் பழக்கம் ஒன்றுதான் மிச்சம்.

இன்று காலையும் டம்ளரை நீட்டினேன். மருமகள் ஒரு கையில் பேத்தியை வைத்துக்கொண்டு, மறு கையால் பிடித்தாள். நான் விடவில்லை.

"புடிச்சுட்டனுங்க மாமா. எனக்குக் கை நல்லாத்தானுங்க இருக்குது, உடுங்க."

அவருக்கும் நன்றாகத்தான் இருந்தது என்று வாய் வரை வந்தது. டம்ளரை விட்டேன்.