அடிப்பக்கம் வீங்கிய குழாய்

பசை மாமாவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவர் மனைவி. வேலை முடிந்து வந்து கதவைத் தொட்டால் கதவும் கூடவே வந்துவிடும் என்பார். கண்ணாடி இழை நாடாவைப் பசையில் நனைத்து, உருளையில் சுற்றிக் குழாயாக்குவது மாமாவின் தொழில். வண்டியின் முகப்பில் பொருத்தும் அந்தக் குழாய், மோதும்போது நுனியிலிருந்து பொடிப்பொடியாக நொறுங்கி, மோதலின் வேகத்தைத் தானே தின்றுவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பவர் பிழைப்பார்.

நேராக மோதவிட்டால் மாமாவின் குழாய்கள் ஒழுங்காக நொறுங்கின. சாய்வாக மோதவிட்டபோது, நொறுங்காமல் அடிப்பக்கத்தில் படக்கென்று ஒடிந்தன. மேலாளர் உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"வயசாயிடுச்சு, கை நடுங்குது. ஆளை மாத்துங்க."

சாலையில் எந்த வண்டி மட்டம் பார்த்து நேராக வந்து மோதுகிறது? சாய்வை யோசிக்காமல் குழாயின் படத்தை வரைந்தது ஒருவர், வேலையை இழப்பது இன்னொருவரா? எல்லாத் தொழிற்சாலையிலும் நடக்கிறது என்பதால் அது நியாயமாகிவிடாது.

படம் வரைந்த பெண் பொறியாளருக்கும் அது உறுத்தியது. மேலாளரிடம் போய் நின்றார்.

"சார், தப்பு அவர் கையில இல்ல, என் படத்துல. சாய்ஞ்சு மோதுனா பாரம் அடிப்பக்கத்தை வளைக்குது. அங்க கனம் பத்தல."

"கடைசியா ஒரு தடவை பார்ப்போம். அதுவும் ஒடிஞ்சா அவர் கிளம்ப வேண்டியதுதான்."

புதிய படத்தில் நுனி மெலிந்து, கீழே போகப்போகச் சுவர் தடித்தது. மாமா சுற்றி முடித்தார். சோதனைக்கு முன் குழாயைத் தடவிப் பார்த்த பொறியாளர் திகைத்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே கனம்!

"மாமா, கீழ இருந்த தடிப்பு எங்க?"

"அதுவா? வீங்குன கால் மாதிரி பார்க்கவே அசிங்கமா இருந்துச்சும்மா. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டேன்."

"ஐயோ மாமா! உங்க வேலையைக் காப்பாத்தப் போறதே அந்த வீக்கம்தான்!"

மாமா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். மேடு தெரிந்தால் திட்டு, ஒரே சீராக இருந்தால் சபாஷ் என்று இத்தனை காலம் பழக்கிய கை அது. படத்தை மாற்றியவர்களுக்கு, அந்தக் கையிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

கெஞ்சிக் கூத்தாடிச் சோதனையைத் தள்ளிவைத்தார்கள். மாமா மறுபடி சுற்றினார். இந்தமுறை உப்புத்தாளைப் பொறியாளர் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

சாய்ந்த மேடையில் குழாயைத் திருகி இறுக்கினார்கள். எடை விழுந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். படக்கென்ற சத்தம் வரவில்லை. கரகரவென்று நுனி இழை இழையாகப் பிரிந்து, விரிந்து, பாதியில் நின்றது. அடிப்பக்கம் அசையவே இல்லை.

"நடுங்குன கை எப்படி சார் சரியாச்சு?" என்றார் பொறியாளர்.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "சரி சரி, அவரே இருக்கட்டும்."

மாமா வீட்டுக்குப் போன் போட்டார். "ஒடியல."

"குழாயா, நீங்களா?"

"ரெண்டும்தான்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அப்ப சீக்கிரம் வாங்க. கதவைத் திறந்தே வைக்கிறேன், தொட்டுடாதீங்க."