கையெழுத்து விழாத மஞ்சள் அட்டைகள்

'பம்பரம்' என்று அவருக்குப் பெயர் வைத்தது நீரேற்று நிலையத்து ஆட்கள். அறுபத்தொன்பது வயதிலும் அது உதிரவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கையிலிருக்கும் சாவிக்கொத்து ஆடும். அவருடைய அக்காள் கணவர் நேர்மாறு, அடித்து வைத்த ஆணி. இருபத்தாறு வருஷம் இருவரும் அதே பம்புகளை ஷிப்டு மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள்.

அக்காள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். மச்சான் சாப்பாட்டைக் குறைத்தார், காது மெஷினைக் கழற்றி வைத்தார், "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்றார். வயசானவர் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். பம்பரமும்தான்.

அன்று காலை மச்சானின் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா தேறிட்டார். ஒரு வாரமா முகமே தெளிஞ்சிருக்கு. வீட்டையெல்லாம் ஒழுங்கு பண்ணி வச்சிருக்கார். வந்து பாருங்க, சிரிப்பீங்க."

வந்தார். சிரிப்பு வரவில்லை.

தையல் மெஷினில் நூல் கோத்துக் கட்டிய மஞ்சள் அட்டை: 'மகளுக்கு. பெல்ட் புதுசு. எண்ணெய் விட்டாச்சு.' சுவர்க்கடிகாரத்தில் ஒன்று, அலமாரிச் சாவியில் ஒன்று. கருவிப்பெட்டியில், 'மாப்ளைக்கு.' மச்சான் பம்பரத்தைக் கூப்பிடுவது அப்படித்தான்.

"ரிடையர் ஆகியும் வேலை புத்தி போகல பாருங்க," என்று மகள் டீயை நீட்டினாள்.

அவளுக்கு அட்டை தெரியும், அதன் சட்டம் தெரியாது. நீரேற்று நிலையத்தில் ஷிப்டு முடிந்து கிளம்புகிறவன்தான் அட்டை கட்டுவான். எந்த மோட்டார் சூடாகிறது, எந்த வால்வு கசிகிறது என்று வருகிறவனுக்கு எழுதி வைப்பான். இருக்கப்போகிறவன் கட்டமாட்டான். வருகிறவன் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை, கட்டியவன் கேட்டைத் தாண்டக் கூடாது.

பம்பரம் டீயை அப்படியே வைத்துவிட்டார். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். கேட்டுவிடலாமா? இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடாதா? ஜன்னல் கொக்கியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"எதுக்குடா மாப்ள குட்டி போட்ட பூனையா சுத்தறே? வந்து உக்காரு," என்றார் மச்சான் படுக்கையறையிலிருந்து.

போனார். மேஜை மேல் கிடந்த காது மெஷினை எடுத்துத் தானே மாட்டிவிட்டார். இன்னொரு தரம் கேட்கும் தைரியம் தனக்கு வராது என்று தெரியும்.

"மச்சான், எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியல. செத்துப் போயிடலாம்னு நினைக்கிறீங்களா? தற்கொலை பண்ணிக்கலாம்னு?"

கோபம் வரும் என்று பம்பரம் எதிர்பார்த்தார். வரவில்லை.

"ரெண்டு மாசமா," என்றார் மச்சான், சுவரைப் பார்த்தபடி. "யாராவது கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். எல்லாரும் 'சாப்பிட்டீங்களா'ன்னுதான் கேக்கறாங்க."

"நாள் ஏதும் வச்சிருக்கீங்களா?"

"வியாழக்கிழமை. மக வெளியூர் போறா."

அன்று செவ்வாய்.

"உங்கக்கா இல்லாத வீட்ல நான் என்னத்தடா..."

"எனக்கும் அவ அக்காதான் மச்சான்." பம்பரம் சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்தார். "அட்டையெல்லாம் பார்த்தேன். ஒண்ணுல கூடக் கையெழுத்துப் போடமாட்டேன். ஒப்படைக்காம கிளம்பினா மெமோ வரும், ஞாபகம் இருக்கட்டும்."

"ரிடையர் ஆனவனுக்கு என்னடா மெமோ." மச்சானின் வாயோரம் அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது.

அதன்பின் பம்பரம் அவரைத் தனியே விடவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே கூட நின்றார். மகளைக் கூப்பிட்டு மச்சான் முன்னாலேயே விஷயத்தைச் சொன்னார்.

"தேறிட்டார்னு சந்தோஷப்பட்டேனே மாமா," என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து பயணத்தை ரத்து செய்தாள். வீட்டில் ஆபத்தாகக்கூடிய எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு எதிர்வீட்டாரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னாள்.

மதியமே மூவரும் மனநல மருத்துவரின் அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தார்கள்.

"கடைசில பைத்தியக்கார டாக்டர்கிட்ட கொண்டு வந்துட்டியே," என்றார் மச்சான்.

"நானும் தூங்கி எட்டு மாசம் ஆச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டா போடச் சொல்றேன்."

உள்ளே டாக்டரம்மா, முகம் தெளிந்த கதையைக் கேட்டதும் தலையசைத்தார். முடிவெடுத்துவிட்டவர்களுக்குச் சில சமயம் அப்படியொரு அமைதி வரும், அதைத் தேறுதல் என்று வீட்டார் எடுத்துக்கொள்வது உண்டு என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, பம்பரம் கேட்ட அதே கேள்வியை மச்சானிடம் கேட்டார்.

பம்பரம் பதில் சொல்ல வாயெடுத்தார். மகள் முழங்கையால் இடித்தாள்.

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருக்குங்க டாக்டர். இப்பவும் இருக்கு," என்று ஆரம்பித்தார். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.