கிளெனிஸுக்காகவே கழுவிய தட்டு

ஆறு கோடைகாலமாக கிளெனிஸ் ஹார்ட்விக்கைப் பொய்க்காரி ஆக்கி வைத்திருந்தார்கள். அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் சூடாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "பாவம், எல்லாம் அவ மனசுல இருக்கு" என்றார்கள். அதையும் அன்பாகச் சொன்னார்கள். அன்பாகச் சொல்கிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

அவள் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டது எல்லாம் ஆஸ்திரேலியாவின் விம்மெரா சமவெளியில். கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை, அதற்கப்பால் பார்லி. அறுவடை மாதங்களில் ஊர் தானியக் கிடங்கில் அவளுக்கு வேலை. வரிசையில் வந்து நிற்கும் வண்டிகளின் மேல் நீளக் குழாயை இறக்கித் தானிய மாதிரி உறிஞ்சி, ஈரம் பார்த்து, தரம் பிரித்து, எந்தக் குழியில் கொட்ட வேண்டும் என்று கைகாட்டுவாள். அவள் இரண்டாம் தரம் என்று சொன்னால் இரண்டாம் தரம்தான். மீசை முறுக்கிய விவசாயிகள்கூட எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமை, பார்லி, ரை, இவற்றில் எதன் துளி உள்ளே போனாலும் உடம்பு தன் குடலையே தாக்கும். அதற்கு முன்னால் இருபது வருஷம் இரும்புச் சத்து மாத்திரையும், "நல்லா ரெஸ்ட் எடும்மா" என்ற அறிவுரையும் கொடுத்துத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நோய்க்குப் பெயர் கிடைத்ததும் ஊர் என்ன செய்தது தெரியுமா? சிரித்தது. "கோதுமை ஒத்துக்காதா? அப்ப நம்ம ஊரே விஷத்தையா விதைக்குது?" என்று பேக்கரிக்காரன் கேட்டான். தரம் பிரிக்கும்போது நம்பிய அதே வாயை, தன் வயிற்றைப் பற்றிப் பேசும்போது ஒருவரும் நம்பவில்லை.

வீட்டில் தொல்லை இல்லை. கணவன் நெவில் தன் ரொட்டியைத் தனி அலமாரியில் வைத்துக்கொண்டான். பதினோரு மாதம் கிளெனிஸ் ஆரோக்கியமாக இருந்தாள். தொல்லையெல்லாம் ஜனவரியில்தான். அறுவடை முடிந்ததும் குடும்பமே கேரவன்களை இழுத்துக்கொண்டு பீச்போர்ட் கடற்கரைக்குப் போகும். நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒரே வரிசை, ஒரே மரங்களின் நிழல். போய்ச் சேரும் வெள்ளிக்கிழமை மாலை, அவள் அக்கா ராஸ்லினின் கணவன் மெர்வ் எல்லோருக்கும் இறைச்சி சுடுவான். ஒரு நாள் விட்டு ஞாயிறு காலை, வரிசையிலுள்ள பெண்களெல்லாம் கடலுக்குள் நீளும் துறைப்பாலத்தின் முனைக்கு நடந்துபோய் கடலில் இறங்கி, கரைவரை நீந்தி வருவார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. பதினாறு வயதிலிருந்து ஐம்பத்திரண்டுவரை கிளெனிஸ் அதை ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை.

நோய்க்குப் பெயர் வந்த பிறகு ஒரு வருஷம்கூட நீந்தியதில்லை. வெள்ளி மாலை சாப்பிடுவாள், சனி விடியும்போது வயிறு முறுக்கிச் சுருண்டு படுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கழிப்பறைக் கட்டடத்துக்குள் உட்கார்ந்தபடி, பெண்கள் ஈரக் காலோடு சிரித்துக்கொண்டு வருவதைக் கேட்பாள். ஆறு முறை இப்படி. இந்த வருஷம் குளிர்காலம் முழுக்க நகர நீச்சல்குளத்துக்கு வாரம் மூன்று நாள் வண்டியோட்டிப் போய்ப் பயிற்சி எடுத்திருந்தாள். "இந்தத் தடவை நீந்தல்லன்னா இனி நான் வரமாட்டேன் நெவில். நீ தனியாப் போய்க்கோ" என்று புறப்படும்போதே சொல்லிவிட்டாள்.

வழியில் ஒரு கடையில் சாலட் கேட்டாள். தன் நோயைச் சொல்லி, ரொட்டி சேரக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள். பரிமாறிய பெண் பெருமையோடு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ரொட்டித் துண்டெல்லாம் கையாலயே பொறுக்கி எடுத்துட்டேன். பாருங்க, ஒண்ணுகூட இல்ல!"

"பாவம், சின்னப் பொண்ணு. விடு கிளென்" என்றான் நெவில். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பையிலிருந்த வாழைப்பழத்தைத் தின்றாள். உலகத்தில் எல்லோருமே பாவம்தான், அவள் வயிற்றைத் தவிர.

மெர்வ் விஷயத்தில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. மச்சினிக்காக அவன் தன் அடுப்பில் ரொட்டி படவே கூடாது என்று சட்டம் போட்டிருந்தான். கோதுமை கலக்காத சாஸேஜைக் கசாப்புக்காரரிடம் சொல்லி வாங்கினான். முதலில் அவளுக்குச் சுட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. அதனால்தான் அவள் படுத்தபோதெல்லாம் குடும்பம் உதட்டைப் பிதுக்கியது. "மெர்வ் இவ்வளவு பண்றான். அதுக்கப்புறமும் வருதுன்னா, பயந்து பயந்து சாப்பிடறா, அதான்" என்றாள் ராஸ்லின். கூடப் பிறந்த அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை கிளெனிஸ் தன் இடுக்கியைக் கொடுக்க மறந்துவிட்டாள். மற்ற இறைச்சியைத் தொட்ட இடுக்கி தன்னுடையதைத் தொடக் கூடாது என்று சிவப்பு நாடா சுற்றி வைத்திருப்பாள். அதை எடுத்துக்கொண்டு மெர்வின் கேரவனுக்குப் பின்னால் போனாள். எரிவாயு அடுப்பின் இரும்புத் தட்டு புகைந்துகொண்டிருந்தது. மெர்வ் கையிலிருந்த பியர் கேனைச் சாய்த்து, பாதியைத் தட்டின் மேல் ஊற்றினான். புஸ்ஸென்று நுரை பொங்கியது. கரண்டியால் அழுத்திச் சுரண்டி, துணியால் துடைத்து, இன்னொரு மடக்கு ஊற்றினான்.

"என்ன பண்ற மெர்வ்?"

"வாடா தங்கம்! உனக்காகத்தான். ஆஸ்பத்திரிகூட இவ்ளோ சுத்தமா இருக்காது."

"எப்பவும் இப்படித்தான் கழுவுவியா?"

"மத்தவங்களுக்கு யார் கழுவுவா? சும்மா ஒரு சுரண்டல்தான். பியர் ஊத்தறது உன்னோடதுக்கு மட்டும். உனக்கு உடம்புக்கு வந்ததிலேருந்து ஒரு தடவையும் விட்டதில்ல!"

கிளெனிஸ் இடுக்கியால் பியர் கேனைத் தட்டிக் காட்டினாள்.

"மெர்வ், பியரை எதுலேருந்து பண்றாங்க?"

அவன் சிரித்தான். "இது என்னம்மா கேள்வி? பார்லி..." என்று ஆரம்பித்து நின்றான். நாற்பது வருஷமாகப் பார்லி விதைக்கிறவன். போன மாதம்தான் அவன் வண்டியின் மேல் குழாயை இறக்கி, பியருக்கு ஏற்ற முதல் தரம் என்று அவளே கைகாட்டியிருந்தாள்.

"ஆறு வருஷமா எனக்கு மட்டும் தனியா விஷம் ஊத்தியிருக்க" என்றாள். குரல் வரிசை முழுக்கக் கேட்டது. நாற்காலிகளிலிருந்து எல்லோரும் எழுந்து வந்தார்கள். விஷயம் புரிந்ததும் முதலில் சிரித்தவன் நெவில். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. இதைவிட நல்ல வேடிக்கை அந்த வரிசையில் நாற்பது வருஷத்தில் நடந்ததில்லை போல.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? எனக்கு மனசு சரியில்லன்னு சொன்னீங்களே, அதை யாராவது வாபஸ் வாங்குங்க. அப்புறம் சிரிங்க."

யாரும் வாங்கவில்லை. மெர்வின் முகம் சிவந்தது. துணியைத் தரையில் எறிந்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தான். உடனே குடும்பம் பதறியது. யாருக்காக? மெர்வுக்காக. ஒருத்தி பின்னாலேயே ஓடினாள். இன்னொருத்தன் குளிர்ந்த பியர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். ஆறு வருஷம் குடல் புண்ணானவள் நின்றுகொண்டே இருந்தாள், அவளுக்கு ஒரு நாற்காலிகூட யாரும் இழுத்துப் போடவில்லை.

கிளெனிஸ் கேரவனுக்குப் போய்த் தன் வாணலியையும் சின்ன அடுப்பையும் கொண்டுவந்து, எல்லோரும் உட்காரும் மேஜையின் நடுவில் வைத்தாள். இரண்டு துண்டு ஆட்டிறைச்சியைப் போட்டு நிதானமாகப் பொரித்தாள். ராஸ்லின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போய் அவன்கிட்ட பரவாயில்லன்னு ஒரு வார்த்தை சொல்லேன் கிளென். மனசு ஒடிஞ்சு போயிருக்கான். உன் மேல பாசத்துலதான..."

"பரவாயில்லன்னு நான் எதுக்குச் சொல்லணும்? எனக்குப் பரவாயில்லாம இருந்துச்சா?"

"தெரியாமப் பண்ணிட்டான்டி."

"தெரியாமத்தான் பண்ணான். நான் அவனை அதுக்காகத் திட்டல. தெரியாத நீங்க எல்லாரும், தெரிஞ்ச என்னைப் பைத்தியம்னீங்களே, அதைத்தான் கேக்கறேன்."

"விடேன் கிளென், லீவுக்கு வந்த இடத்துல..." என்றான் நெவில்.

"நீ பேசாத. இன்னொரு தடவை விடுன்னு சொன்ன, வாணலி வரும்."

நெவில் தன் நாற்காலியை ஓரடி பின்னால் நகர்த்திக்கொண்டான். அவள் எலும்புவரை சுவைத்துச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை விடிந்தது. வயிறு முறுக்கவில்லை. மதியம்வரை அவளே நம்பாமல் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண்களோடு துறைப்பாலத்தின் முனைக்கு நடந்தாள். மெர்வ் அங்கே ஏணிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான்.

"கிளென், மன்னிச்சுரு. பியருக்காக மட்டும் கேக்கல. இன்னொண்ணும் இருக்கு. உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் நீயா நெனச்சுக்கறதுன்னு நானும் சொல்லியிருக்கேன். முதுகுக்குப் பின்னாடி."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வெள்ளிக்கிழமையிலிருந்து காத்திருந்தாள். வந்துவிட்டது. வந்தும் நெஞ்சுக்குள் எரிச்சல் அடங்கவில்லை. ஏன் என்று அவளுக்கே அப்போதுதான் விளங்கியது.

"உன்னை மன்னிச்சுட்டேன் மெர்வ். அது பெரிசில்ல" என்றாள். "போன வருஷம் டாக்டர்கிட்ட நானே போனேன். எனக்கு வயித்துல ஒண்ணுமில்ல, மனசுதான் சரியில்ல, அதுக்கு ஏதாவது மாத்திரை குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். யாரும் அனுப்பல, நானேதான் கேட்டேன். அவ்வளவு தூரம் என்னை நம்ப வெச்சுட்டீங்க."

மெர்வ் தொப்பியைப் பிசைந்தான். கிளெனிஸ் நீச்சல் கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டு, ஏணியில் இறங்கி, கரையைப் பார்த்து நீந்த ஆரம்பித்தாள்.