கூடத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள்

அத்தையைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, அப்பாவின் தங்கையான அந்த அத்தை பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. மற்றவை தோழிகளிடம் இரவல் வாங்கி, நூம்பலிலிருந்தும் காட்டுப்பாக்கத்திலிருந்தும் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை.

மழையில் ஒரு மின்சார ரயில் வந்து நிற்கும். அத்தை செய்த அனிமேஷன் அவ்வளவுதான், இருபது விநாடி. அதற்குக் கம்ப்யூட்டர் ஐந்நூறு படங்களை ஒவ்வொன்றாக வரைந்து முடிக்க வேண்டும். ஒன்றுக்கு அரை மணி நேரம். தனியாக விட்டால் பத்து நாளுக்கு மேல். நான்கையும் கேபிளால் கோத்து வேலையைப் பங்கு போட்டுவிட்டால், வெள்ளி மாலை தொடங்கியது திங்கள் காலை முடிந்துவிடும். அன்று மதியமே ஒரு கம்பெனியில் காட்ட வேண்டும்.

"ஒரு மணி நேரம் அணைச்சு வையேன்" என்றார் அப்பா.

"நின்னா நாளைக்கு முடியாதுண்ணா" என்றாள் அத்தை.

அம்மா திரைகளைப் பூப்போட்ட போர்வையால் மூடினாள். உள்ளே சுற்றும் விசிறிகளின் சத்தத்தை மூட முடியவில்லை.

வந்து உட்கார்ந்ததுமே மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "இன்னாமா, ஊடு இப்படிக் கொதிக்குது? இன்னா சத்தம் அது?" என்றார். அப்பா என் காதருகே குனிந்து, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வரச் சொன்னார். கரண்ட் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாமாம். பத்து வயதில் அதைவிடப் பெரிய பொறுப்பு எனக்கு வந்ததில்லை. சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு ஏறிவிட்டேன். கை சுவிட்சைத் தொடும்போது அம்மா என்னை இடுப்போடு தூக்கி இறக்கி, பஜ்ஜித் தட்டைக் கையில் கொடுத்தாள்.

"அப்பாதாம்மா சொன்னாரு..."

"பஜ்ஜி ஆறிடும். போய்க் குடு."

நான் போனபோது போர்வை விலகியிருந்தது. வெட்கப்பட வேண்டிய நேரத்தில் அத்தை, மழைத்துளி ரயில் கூரையில் எப்படித் தெறிக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"வெளியூர்ல வேலை குடுத்தா போயிடுவியா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"பம்பாயா இருந்தாலும் போவேன்."

திங்கள் காலை திரையில் ரயில் வந்து நின்றது. அதைப் பார்த்த கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டு, அத்தை நிஜமாகவே பம்பாய்க்குப் போக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்கு முன்பே, செவ்வாய்க்கிழமை, தரகர் வந்து ஆவடிக்காரர்களுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். நான் சுவிட்சை இறக்காததால்தான் எல்லாம் கெட்டது என்று குளியலறைக்குள் போய் அழுதேன்.

அம்மாவோ அன்று சாயங்காலம் நெய் சொட்டச் சொட்டக் கேசரி கிண்டி, முதல் கரண்டியை அத்தைக்கு வைத்தாள். பாவம், தரகர் சொன்னது அம்மாவின் காதில் இன்னும் விழவில்லை போலும் என்று நினைத்து, நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.